அயர்லாந்து மரபிசை செஷன்களில் எந்தக் கருவிகள் அதிகம் வாசிக்கப்படுகின்றன?

சிப்புட் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். என் மகள் மருத்துவம் படிப்பதற்காக இந்த ஆண்டு டப்ளின் செல்கிறாள். படிப்பின் முதல் பகுதி அங்கே, மருத்துவமனைப் பயிற்சி பினாங்கில் என்று ஏற்பாடு. அவள் சிறு வயது முதல் கர்நாடக முறையில் வயலின் கற்று வருகிறாள். தோட்டத்துக் கோயிலில் நவராத்திரிக்கு வாசிப்பதும் உண்டு. அயர்லாந்தில் மாலை நேரங்களில் உள்ளூர்க்காரர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் தங்கள் மரபிசையை வாசிக்கும் செஷன் என்ற வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்ட நாள் முதல், அந்த வட்டத்தில் தானும் ஒருநாள் உட்கார வேண்டும் என்ற ஆசை அவளுக்குப் பிறந்திருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் காணொளிகள் பெரும்பாலும் மேடைக் கச்சேரிகளாக இருக்கின்றன. ஒன்றில் ஹார்ப் என்னும் யாழ் போன்ற கருவி இருக்கிறது, இன்னொன்றில் பத்துப் பேர் கொண்ட குழு இருக்கிறது. சாதாரணமாக ஓர் ஊரில் வாரந்தோறும் நடக்கும் செஷனில் எந்தெந்தக் கருவிகள் இருக்கும் என்பதை அவற்றைக் கொண்டு அறிய முடியவில்லை. வயலினை எடுத்துச் செல்வது பயன்படுமா, அல்லது அங்கே வேறு கருவியைக் கற்கத் தொடங்க வேண்டுமா? உறுமி மேளக் குழுவில் இருக்கும் என் தம்பி, அங்கே உள்ள தோல் கருவியை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று என் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறார். அதுவும் சரிதானா என்று தெரிய வேண்டும். இவை பெரும்பாலும் மதுக்கூடங்களில் நடப்பதால் தாயாகிய எனக்குக் கொஞ்சம் தயக்கமும் உண்டு. அனுபவம் உள்ளவர்கள் வழி காட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தைப்பிங் குழலோன் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் கால்வே நகரில் வேலை பார்த்த காலத்தில் அங்குள்ள செஷன்களில் டின் விசில் வாசித்து வந்தவன். உங்கள் முதல் கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லலாம். மகள் வயலினை எடுத்துச் செல்லட்டும். அங்கே ஃபிடில் என்று அழைக்கப்படுவது அதே வயலின்தான். எந்த ஊரில் எந்த செஷனுக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும்; ஒரே மேசையில் மூன்று நான்கு ஃபிடில்கள் இருப்பதும் வழக்கம்.

அதற்கு அடுத்தபடியாகக் குழல் கருவிகளைச் சொல்ல வேண்டும். அங்கே வாசிக்கப்படும் புல்லாங்குழல் பெரும்பாலும் மரத்தால் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய இசைக்குழுக்கள் போம் என்ற ஜெர்மானியர் வடிவமைத்த புதிய குழலுக்கு மாறியபோது, ஆறு விரல் துளைகளைக் கொண்ட பழைய மரக்குழல்கள் மலிவாகக் கைமாறின. அவற்றை வாங்கிய கிராமத்துக் கலைஞர்கள் இந்த இசைக்கு மிகவும் ஏற்றதாக அந்தக் கருவியை ஆக்கிக்கொண்டார்கள். ஸ்லைகோ, ராஸ்காமன், லீட்ரிம் மாவட்டங்கள் குழலுக்குப் பெயர் பெற்றவை. டின் விசில் என்பது வாயில் நேராக வைத்து ஊதும் சிறிய உலோகக் குழல். விலையும் மிகக் குறைவு என்பதால் அயர்லாந்தில் பிள்ளைகள் பலர் முதலில் கற்பது அதைத்தான். ஃபிடில் வாசிப்பவரின் சட்டைப் பையிலும் ஒரு விசில் இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக, துருத்தி உள்ள கருவிகள். பொத்தான் அக்கார்டியன் நல்ல உரத்த ஒலி உடையது. சத்தம் நிறைந்த கூடத்திலும் தனித்துக் கேட்கும். நம் பஜனைகளில் உள்ள ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம்தான். இதிலோ துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது வேறொரு சுரமும் ஒரே பொத்தானிலிருந்து வரும். ஆகவே நடனத்துக்கு வேண்டிய அந்தத் துள்ளல், துருத்தியின் போக்கிலிருந்தே பிறக்கிறது. கான்செர்டினா அறுகோண வடிவில் இரு கைகளுக்குள் அடங்குவது. கிளேர் மாவட்டத்தில் அதற்குத் தனிச் செல்வாக்கு உண்டு.

ஏன் இந்தக் கருவிகளே அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புரிந்தால் மற்றவை தாமே விளங்கும். செஷனில் தனி ஆவர்த்தனம் என்பது இல்லை. எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கிறார்கள். ஒரு மெட்டுக்குப் பெரும்பாலும் எட்டு எட்டு தாள அளவுகள் கொண்ட இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் ஒரு சுற்று முடியும். இரண்டு மூன்று சுற்றுகள் வந்ததும், நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். எனவே மெட்டைத் தெளிவாகவும் விரைவாகவும் சொல்லக்கூடிய கருவிதான் அங்கே நடு இடத்தைப் பிடிக்கிறது. நமக்கு ஹார்ப் அயர்லாந்தின் சின்னமாக மனத்தில் பதிந்திருந்தாலும், வார செஷன்களில் அதைக் காண்பது அரிது. ஒலி மென்மையானது, சுமந்து வருவதும் கடினம்.

பந்திங் கித்தார் எழுதியது:

முந்தைய நண்பர் மெட்டு வாசிக்கும் கருவிகளைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் கார்க் நகரில் கித்தார் வாசித்தவன் என்பதால் பக்கவாத்தியங்களைப் பற்றியும், குறிப்பாக உங்கள் தம்பி சொன்னதைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

அந்தத் தோல் கருவியின் பெயர் பௌரான். வட்டமான மரச் சட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத் தோல் கட்டப்பட்டிருக்கும். அதைத் தொடையின் மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, இடது கையைத் தோலின் உட்புறம் வைத்து அழுத்தியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்குவார்கள்; வலது கையில் பிடித்த சிறு குச்சியின் இரு முனைகளும் மாறி மாறித் தோலைத் தொடும். 1960களில் இசையமைப்பாளர் ஷோன் ஓ ரியடா தம் குழுவில் சேர்த்துக்கொண்ட பிறகே அதற்குக் கச்சேரி மதிப்பு கிடைத்தது. அதற்கு முன் கிராமத்துச் சடங்குகளில் ஒலித்த கருவி அது.

தாளம் தெரிந்தவருக்குக் கையசைவு ஒரு வாரத்தில் வந்துவிடலாம். ஆனால் செஷனில் அதை வாசிக்க உரிமை பெறுவது வேறு. மெட்டுகள் நூற்றுக்கணக்கில் மனத்தில் பதிந்திருந்தால்தான் எங்கே அடங்க வேண்டும், எங்கே எழுப்ப வேண்டும் என்பது தெரியும். ஒரு நேரத்தில் ஒரு பௌரான் போதும் என்பது பெரும்பாலான இடங்களில் எழுதப்படாத விதி. ஏற்கெனவே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தால் மற்றவர் உறையிலிருந்து எடுக்கவே கூடாது. தைப்பூசத்தில் காவடிக்கு முன் உறுமி அடிப்பவர்கள் எத்தனை பேர் கூடினாலும் ஆட்டத்துக்கு வேகம் கூடும். அங்கே இரண்டு பௌரான் சேர்ந்தால் ஃபிடிலின் நுணுக்கமான அணிகள் காதில் விழாமல் போய்விடும். தம்பியின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை; அவர் டப்ளின் சென்றால் முதல் சில மாதங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

கித்தாருக்கும் இதே விதி பொருந்தும். நான் கித்தாருடன் ஒரு புதிய இடத்துக்குப் போனால், அங்கே வேறு கித்தாரோ, பூசூக்கி என்னும் நீண்ட கழுத்துத் தந்திக் கருவியோ இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இருந்தால் அன்று கேட்பவனாக மட்டும் இருப்பேன். இருவர் வேறு வேறு இணைச்சுரங்களைப் போட்டால் மெட்டு கலங்கிவிடும். கிரேக்க நாட்டுப் பூசூக்கியை 1960களில் இந்த இசைக்குள் கொண்டுவந்தவர் இசைக்கலைஞர் ஜானி மொய்னிஹன். இன்று அயர்லாந்துக்கென்றே தட்டையான முதுகுடன் செய்கிறார்கள். பாஞ்சோ தந்திக் கருவியாக இருந்தாலும் பக்கவாத்தியம் அன்று. நான்கு தந்தி கொண்ட டெனர் பாஞ்சோவை ஃபிடிலுக்கு ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்த்து மெட்டையே வாசிக்கிறார்கள். டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா காட்டிய வழி அது. பல செஷன்களில் இன்று அதைக் காணலாம்.

சிப்புட் வாசகி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தம்பியிடம் படித்துக் காட்டினேன். ஒரு நேரத்தில் ஒரே தோல் கருவி என்பது அவருக்கு வியப்பாக இருந்தாலும், காரணத்தை ஏற்றுக்கொண்டார். இன்னும் இரண்டு ஐயங்கள். கர்நாடக முறையில் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசித்துப் பழகியவளுக்கு அங்கே என்னென்ன மாற்றங்கள் தேவைப்படும்? பைப் என்னும் கருவியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது செஷன்களில் இல்லையா?

ஈப்போ வயலின் ஆசிரியை எழுதியது:

அன்புள்ள சகோதரி, நான் இரு முறைகளிலும் வயலின் கற்பிக்கிறேன். டப்ளினில் படித்த காலத்தில் செஷன்களுக்கும் சென்றிருக்கிறேன்.

பைப் இருக்கிறது, ஆனால் எல்லா மேசையிலும் இருக்காது. இல்லன் பைப்ஸ் எனப்படும் அதை வாயால் ஊதுவதில்லை; வலது முழங்கையின் கீழ் கட்டிய துருத்தியால் காற்றை நிரப்பி, இடது கைக்குக் கீழ் உள்ள பையை அழுத்தி வாசிக்கிறார்கள். மெட்டுக்கு ஒரு குழல், இடைவிடாத சுருதிக்கு மூன்று குழல்கள், மணிக்கட்டால் அழுத்தி இணைச்சுரம் எழுப்ப மேலும் மூன்று குழல்கள் என முழுமையான கருவி மிகவும் சிக்கலானது. விலையும் அதிகம், கற்கும் காலமும் நீளம். பைப் கலைஞர் உருவாக ஏழு ஆண்டு கற்றல், ஏழு ஆண்டு பயிற்சி, ஏழு ஆண்டு வாசிப்பு என்று அங்கே சொல்வார்கள். 2017இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. நம் காதுக்கு அந்த இடைவிடாத சுருதி உடனே உறவாகிவிடும் என்பதால், மகள் அதைக் கேட்கும் வாய்ப்பைத் தவறவிடக் கூடாது.

இனி வயலின். சுருதி சேர்ப்பது முதல் மாற்றம். நாம் ஸ-ப-ஸ-ப என்று சேர்க்கிறோம். அங்கே நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் ஜி, டி, ஏ, இ என்று இருக்கும். நம் வழக்கத்தில் தந்திகள் பெரும்பாலும் தளர்வாக இருக்கும். ஆகவே பழைய தந்திகளை அப்படியே முறுக்கி ஏற்றாமல், புதிய தந்திகளைப் பூட்டிக்கொள்வது நல்லது. நெருக்கமாக நாற்காலிகள் போட்ட மூலையில் தரையில் அமர இடமிருக்காது. தோளில் வைத்து வாசிக்க இப்போதே பழகட்டும். இடது கை பெரும்பாலும் முதல் நிலையிலேயே நிற்கும் என்பதால், வழுக்கிச் செல்லும் ஜாருக்கும் சுரத்தை அசைக்கும் நீண்ட கமகத்துக்கும் அங்கே வேலை குறைவு. அவர்களுடைய அணி வேறு: ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தை மற்றொரு விரல் ஒரு நொடியில் தட்டி வெட்டிவிடும், வில்லோ ஒரே சுரத்தை மூன்றாகச் சிதறடிக்கும். இந்த இரண்டும் கைவந்தால்தான் வாசிப்பில் அயர்லாந்தின் உச்சரிப்பு வரும்.

ஆனால் மகளுக்குப் பெரிய சொத்து ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. செஷன் மெட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு கட்டைச் சங்கராபரணத்தின் சுரங்களுக்குள், அதாவது டி மேஜருக்குள், அல்லது அதன் பக்கத்து வீடான ஜி மேஜருக்குள் அடங்கும். அதே சுரங்களில் ரிஷபத்தை ஆதாரமாகக் கொண்டால் கரகரப்பிரியாவும், பஞ்சமத்தைக் கொண்டால் ஹரிகாம்போஜியும் கிடைக்கும் என்று கிரக பேதத்தில் நாம் சொல்லிக்கொடுப்பது அங்கே நாள்தோறும் நடைமுறையில் இருக்கிறது. சாவிகள் ஏதும் இல்லாத ஆறு துளை விசில் ஒன்று செஷனின் பெரும்பகுதிக்கும் போதுமானதாக இருப்பது இதனால்தான். எழுதி வைத்த சுரத்தைப் பார்த்து வாசிப்பதை அங்கே விரும்புவதில்லை. கேட்டுப் பாடம் செய்யும் நம் குருகுலப் பழக்கம் அவளுக்கு மிகவும் உதவும்.

டப்ளின் பழைய மாணவன் எழுதியது:

அம்மா, மதுக்கூடம் பற்றிய தங்கள் தயக்கத்துக்கு மட்டும் விடை எழுதுகிறேன். நான் அங்கே மருத்துவம் படித்தபோது வாரந்தோறும் செஷனுக்குப் போவேன்; மேசையில் என் முன் இருந்தது எப்போதும் தேநீர்தான், அதை யாரும் வித்தியாசமாகப் பார்த்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனில் கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் போன அயர்லாந்துத் தொழிலாளர்களிடையே பரவி, பிறகு தாய்நாட்டிலும் வேரூன்றிய வழக்கமே இந்த மதுக்கூடச் செஷன். பிழைக்கப் போன இடத்தில் ஊரின் இசைக்காக ஒன்றுகூடியவர்களின் மனம் நம் தோட்டத்து மக்களுக்கு எளிதில் விளங்கும்.

மதுக்கூடமே வேண்டாம் என்றால் அயர்லாந்து மரபிசையை வளர்க்க 1951இல் தொடங்கப்பட்ட கோல்டஸ் அமைப்பின் தலைமையகம் டப்ளினில் மங்க்ஸ்டவுன் பகுதியில் இருக்கிறது. அதன் கிளைகள் பல இடங்களில் வகுப்புகள் நடத்துகின்றன. பைப்பைக் கேட்க ஹென்ரியெட்டா தெருவில் உள்ள பைப் கலைஞர் சங்கத்துக்குப் போகலாம். மதுக்கூடம் பரவாயில்லை என்றால், ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் என்ற மதுக்கூடம் செஷனுக்கு மிகவும் பெயர் பெற்ற இடம்; அங்கே முதல் நாள் வயலினைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு கேட்கட்டும், யாராவது பெட்டியைப் பார்த்துவிட்டு இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். கற்பதைப் பொறுத்தவரை, ரீல் என்னும் வேகமான நடன மெட்டுகளில் தொடங்காமல், இரண்டு எண்ணிக்கையில் வரும் போல்காக்களையும் திஸ்ர நடையில் செல்லும் ஜிக்குகளையும் முதலில் பாடம் செய்துகொள்ளட்டும். தொடங்குவோருக்கான மெதுவான செஷன்களில் பெரும்பாலும் அவற்றைத்தான் வாசிக்கிறார்கள்.