8,000 ரூபாய்க்குள் ஃபாலோ ஃபோகஸ்: இருப்பது குறி தவறுகிறது, எதை வாங்கலாம்?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேமரா சோனி ஏ6400, லென்ஸ் சோனி எஃப்இ 50 எம்எம் எஃப்1.8. கேமராவைச் சுற்றி ஒரு கேஜ் (உலோகச் சட்டம்), கீழே இரண்டு 15 எம்எம் ராடு, தோளில் வைக்க ஒரு பேடு. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து வாங்கியது. போன மாதம் பிராண்டு பெயரே இல்லாத ஒரு ஃபாலோ ஃபோகஸை (லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைப் பல்சக்கரத்தால் சுற்றும் வீல்) 2,400 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். அதில்தான் பிரச்சினை.

காட்சி இதுதான்: அப்பா பாத்திரம் கதவருகில் நிற்கிறார், நடந்து வந்து கேமராவுக்கு ஆறரை அடி தூரத்தில் இருக்கும் நாற்காலியில் உட்காருகிறார். வீல் மேல் இருக்கும் வெள்ளை வட்டில் கதவுக்கு ஒரு கோடு, நாற்காலிக்கு ஒரு கோடு போட்டு வைத்தேன். ஒத்திகையில் சரியாக வந்தது. டேக் போனால், கோடு என்னவோ கோட்டில்தான் இருக்கிறது, ஃபோகஸ் அவர் காதில் இருக்கிறது. அடுத்த டேக்கில் பின்னால் தொங்கும் காலண்டர் பளிச்சென்று தெரிகிறது, தேதிகூடப் படிக்கலாம். ஏழு டேக் போனது. நடித்தது என் பெரியப்பா. "ஏன்டா, இன்னும் எத்தனை தடவைடா உட்காரணும்?" என்று கேட்டுவிட்டார்.

8,000 ரூபாய் வரை போட முடியும். ஏ-பி ஸ்டாப் (வீலை இரண்டு இடத்தில் முட்டி நிற்க வைக்கும் தடுப்பு) இருக்கும் மாடல் வாங்கினால் தீர்ந்துவிடுமா? ஸ்மால்ரிக், ஃபோட்கா இரண்டில் எது நல்லது?

ஈரோடு வெட்டிங் எழுதியது:

ப்ரோ, ஏ6400 கையில் வைத்துக்கொண்டு எதற்கு இந்தப் பாடு? ஸ்க்ரீனில் முகத்தைத் தொட்டால் ஆட்டோஃபோகஸே பின்தொடர்ந்து போகும். மெனுவில் ஏஎஃப் டிரைவ் ஸ்பீடை ஸ்லோவில் வையுங்கள், மெதுவாக மாறும். நான் தாலி கட்டும் நேரத்தில்கூட அதை நம்பித்தான் எடுக்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

அதையும் பார்த்தேன் ப்ரோ. அவர் நடந்து வரும் வழியில் பேத்தி குறுக்கே ஓடுவாள். அந்த நேரத்தில் ஃபோகஸ் அவள் மேல் போய்விடுகிறது. எங்களுக்கு அவள் மங்கலாகக் கடந்து போக வேண்டும்.

கண்ணாடிக்காரன் எழுதியது:

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஃபாலோ ஃபோகஸைக் கழற்றி வைத்துவிட்டு, லென்ஸ் வளையத்தைக் கையால் சுற்றுங்கள். இரண்டு பக்கமும் ஓரிடத்தில் முட்டி நிற்கிறதா, இல்லை சுற்றிக்கொண்டே இருக்கிறதா? அப்புறம் வளையத்தில் ஒரு பேப்பர் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து மெதுவாகக் கால் சுற்று போய், வெடுக்கென்று அதே கோட்டுக்குத் திரும்பி வாருங்கள். ஃபோகஸ் பழைய இடத்துக்கு வருகிறதா என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

முட்டவில்லை அண்ணா, சுற்றிக்கொண்டே இருக்கிறது. மெதுவாகப் போய் வேகமாகத் திரும்பினால் ஃபோகஸ் எங்கேயோ தாண்டிப் போய்விடுகிறது. டேப் கோடு மட்டும் சரியாக இருக்கிறது!

பழைய அசிஸ்டென்ட் எழுதியது:

தம்பி, அப்போது உங்கள் 2,400 ரூபாய்ப் பொருள் மேல் பழி போடாதீர்கள். காரணம் லென்ஸ்.

அந்த 50-இல் வளையத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. வளையம் சுற்றுவதை ஒரு சென்சார் பார்த்து கேமராவுக்குச் சொல்லும், கேமரா மோட்டாரை ஓட்டும். வேகமாகச் சுற்றினால் அதிகமாக ஓட்டும், மெதுவாகச் சுற்றினால் கொஞ்சமாக ஓட்டும். அதனால் வீலில் போடும் கோட்டுக்கு அங்கே அர்த்தமே இல்லை. ஏ-பி ஸ்டாப் போட்டாலும் அது வீலைத்தான் நிறுத்தும், கண்ணாடியை நிறுத்தாது. 8,000 இல்லை, 80,000 ரூபாய்க்கு வாங்கி மாட்டினாலும் இதே கதைதான். (எல்லா மின்னணு லென்ஸும் இப்படி இல்லை. பானசோனிக் எஸ்5 மாதிரி சில கேமராக்களில் வளையத்தை லீனியர் என்று மாற்றி வைக்க முடியும், அப்போது வேகம் கணக்கில் வராது. உங்களுடையதில் அந்த வழி இல்லை.)

இன்னொன்று. ஏ6400-இல் 50 எம்எம்மை எஃப்1.8-இல் வைத்து ஆறரை அடியில் இருப்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே நாலரை அங்குலம் வரும். கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெரியப்பாவின் காது பளிச்சென்று வந்தது அதனால்தான். லென்ஸ் துளையைச் சின்னதாக்கி எஃப்2.8 வைத்தால் ஏழு அங்குலம் கிடைக்கும். ஜன்னல் பக்கம் ஒரு லைட் கூடுதலாக வைத்துவிட்டு எஃப்2.8-இல் எடுங்கள். படம் சினிமா மாதிரி இருக்காது என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்.

வாங்குவது என்றால் முதலில் லென்ஸ். பழைய நிக்கான் ஏஐ-எஸ் 50 எம்எம் எஃப்1.8, முழுக்கக் கையால் சுற்றுவது. ஃபிலிம் காலத்து ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள் வீட்டுப் பீரோவில் கிடக்கும், விசாரித்துப் பாருங்கள். வளையம் இரண்டு பக்கமும் முட்டி நிற்கும், தூரம் பொறித்திருக்கும். நிக்கானில் மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வாய்) ஃபிலிம் வரை 46.5 எம்எம், சோனியில் சென்சார் வரை 18 எம்எம். நடுவில் 28.5 எம்எம் தடிமனுக்கு ஒரு வெற்று அடாப்டர் போதும், கண்ணாடி வைத்த அடாப்டர் வேண்டாம். ஆனால் அதில் மட்டும் மலிவுக்குப் போகாதீர்கள். அடாப்டர் ஆடினால் வீல் சுற்றும்போது லென்ஸே சேர்ந்து திரும்பும், ஃப்ரேம் ஒரு குலுக்குக் குலுக்கும்.

சாம்யாங்கின் சினி லென்ஸ்கள் இன்னும் வசதி, ஃபாலோ ஃபோகஸின் பல் மாட்டும் பல் வளையம் அதிலேயே இருக்கும். உங்கள் பட்ஜெட்டுக்கு வராது. இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

வைகைக்கரை எழுதியது:

தலை சுற்றுகிறது அண்ணா, ஆனால் புரிந்தது. மாமா ஒருவர் ஸ்டுடியோ வைத்திருந்தார், கேட்டுப் பார்க்கிறேன். லென்ஸ் கிடைத்தால் இப்போது இருக்கும் ஃபாலோ ஃபோகஸே போதுமா?

கண்ணாடிக்காரன் எழுதியது:

அதையும் சோதித்துத்தான் சொல்ல முடியும். லென்ஸில் மாட்டி, வளையத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு வீலை இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். வட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெறுமனே ஆடினால் உள்ளே பல்லுக்குப் பல் இடைவெளி இருக்கிறது. போகும்போது ஒரு இடம், திரும்பும்போது இன்னொரு இடம் என்று காட்டும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து கோட்டுக்கு வந்து நின்றால் ஓரளவு சமாளிக்கலாம். ராடு கிளாம்பு வழுக்குகிறதா என்றும் பாருங்கள்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் ஸ்மால்ரிக் எஃப்40 எடுங்கள். சின்னது, 15 எம்எம் ராடில் உட்காரும், ஏ-பி ஸ்டாப் உண்டு. ஃபோட்கா டிபி500-உம் வேலைக்கு ஆகும், கொஞ்சம் கனம். டில்டா நியூக்ளியஸ் நானோ மாதிரி வயர்லெஸ் மோட்டாருக்கு இப்போது ஆசைப்படாதீர்கள். கிம்பலில் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவி) ஓடிக்கொண்டே எடுப்பவர்களுக்கு அது சரி. நாற்காலியில் உட்காரும் பெரியப்பாவுக்கு எதற்கு?

பல் 0.8 மாட்யூல்தானா என்று பார்த்து வாங்குங்கள், சினிமாவில் புழங்கும் அளவு அதுதான். லென்ஸ் வளையத்துக்கு பெல்ட் மாதிரி இறுக்கும் பல்பட்டை வேண்டாம். அதன் பூட்டு ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும், வீல் பல் அங்கே போய் இடிக்கும். லென்ஸ் விட்டத்தை அளந்து முழு வளையமாக வாங்குங்கள்.

ஈரோடு வெட்டிங் எழுதியது:

ஒரு ஓசி யோசனை: வளையத்தில் ஒரு கேபிள் டை இறுக்கி, வாலை வெட்டாமல் விட்டுவிடுங்கள். அந்த வாலை விரலால் தள்ளினால் அதுவே ஃபாலோ ஃபோகஸ். நான் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன், யாருக்கும் தெரியாது :)

வைகைக்கரை எழுதியது (ஒன்பது நாள் கழித்து):

மாமா வீட்டில் லென்ஸ் கிடைத்தது! பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருந்தார், பூஞ்சை இல்லை. அடாப்டரும் முழு பல் வளையமும் வாங்கினேன். பழைய ஃபாலோ ஃபோகஸில் ஆட்டம் மூன்று மில்லிமீட்டர் இருந்தது, அதனால் எஃப்40 வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதே காட்சியை எஃப்2.8-இல் எடுத்தோம், இரண்டாவது டேக்கில் ஓகே.

இரண்டு சந்தேகம். கதவுக்கு ஃபோகஸ் வைக்க முன்பு சுற்றியதற்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டியிருக்கிறது, அது ஏன்? அப்புறம் வீல் சுற்றும்போது "கிரீச்" என்று ஒரு சத்தம், மைக்கில் விழுகிறது. கிரீஸ் போடலாமா?

பழைய அசிஸ்டென்ட் எழுதியது:

நிக்கான் லென்ஸ் மற்ற பல பிராண்டுகளுக்கு எதிர்த்திசைதான், பழகிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சுற்றினால் அருகில் வரும் என்று வட்டில் ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள். தூரத்தை டேப்பால் அளக்கும்போது லென்ஸ் முனையிலிருந்து அளக்காதீர்கள். கேமரா மேல் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் பொறித்திருக்கும், சென்சார் இருக்கும் இடம் அதுதான், அங்கிருந்து கண் வரைக்கும் பிடியுங்கள்.

கிரீஸ் வேண்டவே வேண்டாம், தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். பல்லோடு பல்லை அளவுக்கு மீறி அழுத்தி மாட்டியிருக்கிறீர்கள், அதுதான் சத்தம். கிளாம்பைத் தளர்த்தி, இரண்டு பல்லுக்கும் நடுவில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து அழுத்தி முடுக்குங்கள், அப்புறம் வீலைச் சுற்றிக் காகிதத்தை உருவி எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளி போதும். அந்த லென்ஸில் வளையமும் ஃபோகஸோடு சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகரும், அதனால் நடுத் தூரத்தில் ஃபோகஸ் வைத்துக்கொண்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் குளோஸ்-அப் வரும்போது பல் நழுவிவிடும்.

வைகைக்கரை எழுதியது:

டீக்கடை பில்லைக் கிழித்து வைத்து முடுக்கினேன் அண்ணா. சத்தம் போயே போச்சு.