பள்ளிக்கரணை கழுவெளியில் நீங்கள் பார்த்தது என்ன?

பஸ்_ஜன்னல்:
சென்னையில் துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடி சாலையில் ஏழு வருஷமாக வேலைக்குப் போய்வருகிறேன். சதுப்பு நிலம் என்றால் எனக்கு ஜன்னலில் வந்துபோகும் பச்சை, கூடவே பெருங்குடி குப்பைக் கிடங்கின் வாடை, அவ்வளவுதான். போன ஜனவரியில் ஒரு ஞாயிறு, காலை ஆறரைக்கு, சும்மா இறங்கி நடந்தேன்.

அரை மணி நேரம் நாமக்கோழிகளைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. கோரைக்குள் நீல நிறத்தில் ஒரு பாலிதீன் பை சிக்கிக் கிடந்தது. இங்கே குப்பைக்கா பஞ்சம் என்று நினைக்கும்போதே அந்தப் பை நடந்தது! சிவப்பு அலகு, சிவந்த கால், வாலைத் தூக்கும்போதெல்லாம் அடியில் பளிச்சென்று வெள்ளை. நீலத்தாழைக்கோழி. ஒரு கோரைத் தண்டைக் கடித்து இழுத்து, கால் விரல்களால் கரும்பு மாதிரி பிடித்துக்கொண்டு, உரித்து உரித்துக் குருத்தைத் தின்றது. எத்தனை நாள் இதைத் தாண்டித் தூங்கிக்கொண்டே போயிருப்பேனோ.

உங்களுக்கு என்ன கிடைத்தது?

மேடவாக்கம்_அம்மா:
என் மகளுக்கு எட்டு வயது. நடப்பது என்றால் அலுப்பு, பறவை என்றால் சரி. டிசம்பரில் ஒருநாள் ஊசிவால் வாத்துகள் பேசாமல் மிதந்துகொண்டிருந்தன. திடீரென்று மொத்தக் கூட்டமும் எழும்பியது. எவனோ கல் எறிந்துவிட்டான் என்று நான் கோபமாகத் திரும்பினேன். "அம்மா, அங்க பாரு!" என்றாள். கோரை நுனியை உரசுகிற உயரத்தில் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து. அதற்கு ஒன்றும் சிக்கவில்லை. ஆனாலும் பத்து நிமிஷம் ஒரு வாத்துகூடத் தண்ணீரில் இறங்கவில்லை. இப்போதெல்லாம் வாத்து எழும்பினால் நாங்கள் வாத்தைப் பார்ப்பதே இல்லை.

பழைய_வேளச்சேரி:
கழுவெளி என்று தலைப்பில் போட்டதற்கு நன்றி. எங்கள் வீட்டில் இந்தச் சதுப்பு நிலத்துக்கு அதுதான் பேர். 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் வந்த பிறகுதான் பேரன்கள் இது என்ன இடம் என்று கேட்கவே ஆரம்பித்தார்கள்.

எனக்குக் கிடைத்தது நீளவால் இலைக்கோழி. மிதக்கும் இலைகளின் மேல் முட்டைகளை அணைத்துக்கொண்டு, உச்சி வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. "பாவம், தாய்" என்று மனைவியிடம் சொன்னேன். அப்புறம் படித்தால், அது அப்பாவாம்! பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இன்னொன்று. சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பினால் தண்ணீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வேண்டும். 2015 டிசம்பரில் அது எங்கள் தெருவில் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவை ஒன்று முங்கி முங்கி எங்கள் கேட்டுக்குள் வந்தது. "வாடகை கேட்க வந்திருக்கும்" என்றார் மாடி வீட்டுக்காரர். அவர் கார் அப்போது தண்ணீருக்குள் இருந்தது.

பஸ்_ஜன்னல்:
ஐயா, அந்த இலைக்கோழியை எந்த இடத்தில் பார்த்தீர்கள்?

பழைய_வேளச்சேரி:
கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, அதை மட்டும் இங்கே சொல்ல மாட்டேன். முட்டை இருக்கிறது என்று தெரிந்தால் மறுநாளே கேமராக் கூட்டம் வந்துவிடும். வெயில் முதுகில் விழுகிற மாதிரி நின்று, மிதக்கும் இலைகளை மெதுவாகப் பாருங்கள். நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.