சீட்டாட்டத்துல ஜெயிச்ச பணம், வரி நோட்டீஸ்: காரைக்குடிப் பக்கம் பார்த்த கணக்குகளைச் சொல்லுங்க

செக்காலைக் கணக்கர்
720 ரூபாய். இந்தத் தொகைதான் இன்னும் உறுத்துது. போக்கர் ஆப் ஒண்ணுல ஒரு பையனுக்கு நிகர வெற்றி 60,000. ஆப்காரங்க பழைய வருமான வரிச் சட்டத்தோட 194பிஏ பிரிவுப்படி 18,000 டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கிற வரி) பிடிச்சுட்டாங்க. "அதான் 30 சதவீதம் பிடிச்சாச்சே"ன்னு சம்பளத்தை மட்டும் காட்டி ஐடிஆர்-1 (எளிய ரிட்டர்ன் படிவம்) போட்டுட்டான். ஜெயிச்ச பணம் இருந்தா ஐடிஆர்-1 செல்லாது. ஐடிஆர்-2 எடுத்து, இதர வருமான அட்டவணையில 115பிபிஜே (இணைய ஆட்ட வெற்றிக்கான வரிப் பிரிவு) வரிசையில காட்டணும். ஏஐஎஸ்-ல (வரித்துறை வச்சிருக்கிற நம்ம வருஷ வரவு விவரம்) அந்தப் பணம் நிக்குது, குறையுள்ள ரிட்டர்ன்னு 139(9) நோட்டீஸ் வந்தாச்சு, பதில் சொல்ல 15 நாள். வரி 30 சதவீதம், அது மேல 4 சதவீத செஸ், ஆக 18,720. டிடிஎஸ்-ல செஸ்ஸைப் பிடிக்க மாட்டாங்க. அந்த 720 நம்ம கையிலிருந்து போகணும்.

அது பெரிசில்லை. அவன் ரெண்டு ஆப்பையும் திறந்து மேசையில வச்சான். ஒண்ணுல 60,000 வரவு, இன்னொண்ணுல அதே 60,000 நஷ்டம். "கூட்டினா சைபர்தானே அண்ணே?" வேற வேற கம்பெனி தம்பி, கூட்ட முடியாது.

தேவகோட்டையான்
ஏன் முடியாது? போக்கரும் ரம்மியும் திறமை விளையாட்டுன்னு 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கு. அப்ப தொழில் வருமானமாக் காட்டி, நுழைவுக் கட்டணம், கோவா போட்டிக்குப் போன ரூம் வாடகை, விமான டிக்கெட் எல்லாத்தையும் கழிக்கலாமே. அப்படிப் போட்ட ரிட்டர்ன் ஒண்ணை நேராவே பார்த்தேன், ரீஃபண்டும் வந்திருந்தது.

ஐந்தொகை
தேவகோட்டையாரே, ரீஃபண்ட் வந்ததாலேயே கணக்கு சரியென்று ஆகிவிடாது, பிறகும் திறப்பார்கள். அந்தத் தீர்ப்பு, தமிழ்நாடு அரசு தடை போட முடியுமா என்பதைப் பற்றியது. வரிக்கும் அதற்கும் ஒட்டில்லை. 115பிபி பிரிவில் சீட்டாட்டம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 115பிபிஜே-யோ இணைய விளையாட்டு எதுவானாலும் பிடிக்கும். திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்பதேயில்லை. செலவைக் கழிக்கக் கூடாது என்று 58(4) பிரிவு கதவைச் சாத்திவிட்டது. திறமையால் வந்த பரிசு வருமானமே இல்லை என்ற வாதத்தை, கோவை ஜி.ஆர். கார்த்திகேயனின் கார் பந்தய வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

கோவா கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 50,000 நுழைவுக் கட்டணம் உள்ள நான்கு போட்டி. மூன்றில் வெளியே, ஒன்றில் 2,00,000 பரிசு. போட்டது 2 லட்சம், வந்தது 2 லட்சம், லாபம் ஒன்றுமில்லை. ஆனால் 194பி-யில் (நேரடிச் சீட்டாட்டப் பரிசுக்கான டிடிஎஸ் பிரிவு) 60,000 பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்; செஸ்ஸோடு வரி 62,400. வரவும் பற்றும் நேராக வேண்டும் என்று பேரேட்டில் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இது தலையில் ஏறவே ஏறாது.

இணைய ஆட்டத்தில் கொஞ்சம் இரக்கம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் விதி 133-இன்படி, வருஷம் முழுக்க எடுத்த தொகையோடு மார்ச் 31 இருப்பைக் கூட்டி, அதிலிருந்து கைக்காசாகப் போட்டதையும் வருஷத் தொடக்க இருப்பையும் கழிப்பார்கள். மிஞ்சுவது நிகர வெற்றி. எடுக்காமல் ஆப்பிலேயே விட்ட பணத்துக்கும் மார்ச் கடைசியில் பிடிப்பார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் 2,00,000 போட்டு ஜூனில் 2,60,000 எடுக்கிறார் என்று வையுங்கள். அப்போதே 18,000 போய்விடும். பிறகு 1,00,000 போட்டு முழுதும் தோற்றால் வருஷக் கணக்கில் 40,000 நஷ்டம், வரி இல்லை. பிடித்த 18,000 ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பும். அந்த 40,000-ஐ மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ள முடியாது, சம்பளத்திலும் கழிக்க முடியாது.

போனஸில் பலர் இடறுகிறார்கள். 10,000 கைக்காசு, ஆப் தந்த 5,000 போனஸ், ஒரு கை கூட ஜெயிக்காமல் 15,000 எடுத்தாலும் 5,000 'வெற்றி'தான். கைக்காசு மட்டுமே கழியும். ஆட மட்டும் பயன்படும், எடுக்க முடியாத போனஸ் என்றால் கணக்கிலேயே வராது.

பள்ளத்தூர் ஆச்சி
இவ்வளவு பாடம் யாரு கேட்டா? கேட்டது அனுபவம்.

பென்ஷன் 3 லட்சம் வாங்குற ஒரு பெரியவர், போன வருஷம் ஆப்புல 1 லட்சம் ஜெயிச்சாரு. மொத்தமே 4 லட்சம். புது வரி முறையில அடிப்படை விலக்கும் 4 லட்சம். டிடிஎஸ் 30,000 முழுசா திரும்பும்னு ஃபாரத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாரு. ஜெயிச்ச பணத்துக்கு அந்த விலக்கும் கிடையாது, குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான 87ஏ வரித் தள்ளுபடியும் கிடையாது. 31,200 வரி, மேல 1,200 கட்டுங்க ஐயான்னு சொன்னதும், ஃபாரத்தை நாலா மடிச்சு சட்டைப்பையில வச்சாரு பாருங்க, ஒரு வார்த்தை பேசலை.

இன்னொண்ணு: கல்யாண வீட்டு வளவுல ஆடி 5,000 ஜெயிச்சா வரியில்லைன்னு ஒரு பேச்சு உலாவுது. 194பி-யில இருக்கிற 10,000-ங்கிறது டிடிஎஸ் பிடிக்கிற வரம்பு மட்டும்தான். வரி முதல் ரூபாயிலிருந்தே உண்டு.

கொப்புடையம்மன் துணை
ஆச்சி சொன்னது சரி. வெளிநாட்டுக் கணக்கையும் சேர்த்துக்குங்க. சிங்கப்பூர்ல பொழுதுபோக்கா ஆடி ஜெயிச்சா அங்கே வரி இல்லை. அதை நம்பி இங்க குடியிருக்கிறவர் காட்டாம விட்டா தப்பு. உலகத்துல எங்க வந்தாலும் இங்க காட்டணும். டிடிஎஸ் இருக்காது, அதனால முன்கூட்டிய வரியும் சேரும்.

அமெரிக்காவுல பிள்ளைங்க இருக்கிற வீடுகளுக்கு: அங்கே செலவுகளைத் தனித்தனியாக் காட்டிக் கழிச்சா, ஜெயிச்ச அளவுக்கு நஷ்டத்தை முழுசாக் கழிக்க முடிஞ்சது. 2026-லிருந்து நஷ்டத்துல 90 சதவீதம்தான். 1,00,000 டாலர் ஜெயிச்சு 1,00,000 டாலர் தோத்தவர், கையில வராத 10,000 டாலருக்கு வரி கட்டணும்.

தேவகோட்டையான்
சரி, தொழில் வருமானப் பேச்சை விட்டுடறேன். ஆனா 2025 ஆகஸ்ட்ல மத்தியச் சட்டம் வந்து ஆப்ல பண ஆட்டமே நின்னுபோச்சே, இனி எதுக்குக் கணக்கு?

செக்காலைக் கணக்கர்
ஏப்ரல்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆடினது 2025–26 கணக்குல இருக்கே. புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-லிருந்து. அந்த வருஷத்துக்குப் பழைய பிரிவுகளேதான். ஆப் இன்னும் திறக்குதுன்னா வருஷ அறிக்கை, போட்ட-எடுத்த பட்டியல், படிவம் 16ஏ (டிடிஎஸ் சான்று) மூணையும் இன்னைக்கே இறக்கி வைங்க. 26ஏஎஸ்-ல (வரித்துறையோட வரி வரவு அறிக்கை) டிடிஎஸ் தெரியும், எவ்வளவு போட்டீங்கன்னு தெரியாது. அந்த வருஷத்துக்கு ரீஃபண்ட் வரவேண்டியவங்க 2026 டிசம்பர் 31-க்குள்ள ரிட்டர்ன் போட்டுடணும். அதுக்கப்புறம் போடுற ஐடிஆர்-யு-ல (திருத்திப் போடுற ரிட்டர்ன்) வரி கட்டலாம், திரும்பக் கேட்க முடியாது.