அகுமஜோ டென்செட்சு: விஆர்சி6 ஒலி மெலிதாகத்தான் வருகிறது

கொனாமி 1989-ல் ஃபாமிகாமுக்கு (நிண்டெண்டோவின் ஜப்பான் கேம் கன்சோல்) விட்ட டிராகுலா வேட்டை கேம், ஜப்பான் கார்ட்ரிட்ஜ். கார்ட்ரிட்ஜை முன்பக்கம் போடும் என்இஎஸ்ஸில் (ஃபாமிகாமின் அமெரிக்க வடிவம்), 60-லிருந்து 72 பின் அடாப்டர் வழியாக ஓடுகிறது. படம், கட்டுப்பாடு எல்லாம் சரி. கார்ட்ரிட்ஜுக்குள் கூடுதல் ஒலி தரும் விஆர்சி6 சிப்பின் மூன்று சேனல்கள் (இரண்டு பல்ஸ் அலை, ஒரு சாடூத் அலை) மட்டும் காதைத் தீட்டினால்தான் கேட்கிறது. சாடூத் இல்லாமல் முதல் கட்டத்து இசை வெறும் எலும்புக்கூடு!

ஃபாமிகாமில் ஒலி 45-ஆம் பின் வழியாகக் கார்ட்ரிட்ஜுக்குள் போய், சிப்பின் ஒலியோடு கலந்து 46-ல் திரும்பும். என்இஎஸ்ஸில் அந்தப் பாதையே கிடையாது. அதனால் அடாப்டரில் ஃபாமிகாம் பக்கத்து 46-லிருந்து என்இஎஸ் பக்கத்து 54-க்கு ஒயர் இழுத்து, என்இஎஸ்ஸின் அடியில் உள்ள எக்ஸ்பான்ஷன் போர்ட்டில் 3, 9 பின்களுக்கு நடுவே 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தாயிற்று. இது இரண்டு வாரத்துக்கு முன்.

அதன் பிறகு பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். மல்டிமீட்டரில் 46-லிருந்து போர்ட்டின் 9 வரை பீப் வருகிறது. 22 கிலோ ஓம் போட்டால் ஒலி கொஞ்சம் ஏறுகிறது, கூடவே ஹம்மும். இதே கார்ட்ரிட்ஜ் ஃபாமிகாமில் முழு ஒலியோடு பாடுகிறது, எனவே சிப் மேல் சந்தேகமில்லை.

அடாப்டரில் 45-ஆம் பின் எதனோடும் சேராமல் தொங்குகிறது. அதை கிரவுண்டோடு சேர்க்க வேண்டுமா, அப்படியே விடலாமா?