கல்ச்சரில் கிருமி இல்லை, வலி மட்டும் போகவில்லை: புராஸ்டேட் அழற்சிதானா?

செல்வம்_41:
நாலு மாசமாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி, உட்கார்ந்தால் கூடுகிறது. விந்து வந்தபின் எரிச்சல். யூரின் கல்ச்சர் இரண்டு தடவையும் சுத்தம். சிப்ரோஃப்ளாக்சசின் மூன்று கோர்ஸ் முடிந்தது. பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை) 5.8. மறுபடி ஆன்டிபயாட்டிக் வேண்டுமா? புற்றுநோயாக இருக்குமா?

மருந்தாளுநர்:
புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதன் அழற்சி ஒரே நோய் இல்லை, நாலு வகை. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் அடைப்பு என்று திடீரென வருவது முதல் வகை; உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதே கிருமி திரும்பத் திரும்ப வருவது இரண்டாவது. ஆறு மாதத்தில் மூன்று மாதமாவது வலி இருந்து, கிருமி அகப்படாதது மூன்றாவது. பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான், நீங்கள் சொல்வதும் இதைப்போல்தான் இருக்கிறது. நாலாவதில் தொந்தரவே தெரியாது.

கிருமி இல்லாதபோது நாலாவது கோர்ஸ் எதற்கு? சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் கொஞ்சம் உண்டு. அதனால் சில நாள் வலி குறையும், 'மருந்து கேட்குது' என்று தோன்றும், நிறுத்தியதும் திரும்பும். குதிகால் தசைநாண் பாதிக்கப்படும் ஆபத்தும் அந்த மருந்தில் இருக்கிறது. சிறுநீர்ப்பாதைத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை 0.4 மி.கி. எழுதிக்கொடுத்தால், தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி கழித்துப் போடுங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பின்னாளில் கண்புரை ஆபரேஷன் என்றால் இதைச் சாப்பிட்டதைக் கண் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

லேப்_டெக்னீஷியன்:
சாதாரண கல்ச்சர் மட்டும் போதாது. கிருமி சுரப்பிக்குள் ஒளிந்திருந்தால் சிறுநீரில் தெரியாமல் போகலாம். இரண்டு சாம்பிள் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்: முதலில் நடுச்சிறுநீர் (தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடிப்பது), அதன்பின் டாக்டர் ஆசனவாய் வழியே சுரப்பியை விரலால் அழுத்திவிட்டு, அடுத்து வருகிற முதல் 10 மி.லி. இரண்டாவதில் கிருமி பத்து மடங்கு கூடியிருந்தால் இரண்டாவது வகை. காய்ச்சல் இருக்கும்போது அழுத்தவே கூடாது, கிருமி ரத்தத்தில் கலந்துவிடும்.

பிஎஸ்ஏ அழற்சியாலும் ஏறும். 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி எடுங்கள். அதற்கு முன் இரண்டு நாள் உடலுறவும் சைக்கிளும் வேண்டாம். அப்போதும் இறங்கவில்லை என்றால் எம்ஆர்ஐ பற்றி யூராலஜிஸ்டிடம் பேசுங்கள்.

செல்வம்_41:
நன்றி. கீகல் பயிற்சி (இடுப்புத்தளத் தசையை இறுக்கி இறுக்கி விடுவது) செய்யலாமா?

பிசியோ_மீனா:
இப்போது வேண்டாம். இந்த வலியில் பலருக்கு இடுப்புத்தளத் தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கும், கீகல் அதை இன்னும் இறுக்கும். தேவை தளர்த்தல். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். வயிறு எழும்ப 4 விநாடி மூச்சை இழுக்கும்போது ஆசனவாய்ப் பகுதி கீழே தளர்வதைக் கவனியுங்கள், 6 விநாடியில் விடுங்கள். ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. முக்கக் கூடாது, அங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு 15 நிமிடம் உட்காருவதும் வலியைத் தணிக்கும். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்; முக்கிப் போகிற வரை தசை தளராது.