ஜிடிஐக்குக் குளிர்கால டயர்: 18 அங்குலமா, 17 அங்குலமா?

கேள்வி: மொன்றியலில் இருக்கிறேன், டிசம்பர் 1க்குள் குளிர்கால டயர் மாட்டியாக வேண்டும். கார் ஃபோக்ஸ்வேகனின் ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, இப்போது இருப்பது 225/40 ஆர்18 (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 40%, ரிம் 18 அங்குலம்). அதே அளவிலேயே வாங்கலாமா?

பதில்: யோசிக்காமல் 17க்கு இறங்குங்கள். 225/45 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் 3 மில்லிமீட்டர்தான் குறையும், ஸ்பீடோமீட்டருக்குப் பாதிப்பில்லை, பக்கச்சுவர் உயரம் கூடுவதால் பனி மூடிய குழியில் விழுந்தாலும் ரிம் தப்பிக்க வாய்ப்பு அதிகம், அப்புறம் விலையும் குறைவு.

பதில்: ரிம்மில் 5 போல்ட் துளை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 112 மி.மீ., நடுத்துளை 57.1 மி.மீ. இருக்கிறதா பாருங்கள். பிரேக் காலிபரில் (பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ரிம் இடிக்கிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். போல்ட் முக்கியம்: கம்பெனி ரிம்முக்கு உருண்டை முனை, வெளியில் வாங்குவதற்குப் பெரும்பாலும் கூம்பு முனை. மாற்றிப் போட்டால் சரியாக இறுகாது, ஆபத்து.

கேள்வி கேட்டவர்: சரி, 17தான். போல்ட் விஷயம் தெரியவே தெரியாது, நன்றி.