லேத்துக்கு அடியில் ஊற்றும் ‘கிரவுட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

காரைக்குடி ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். எந்திரங்களைத் தளத்தில் நிறுத்துவது பற்றிய பாடம் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். லேத்தை (கடைசல் எந்திரத்தை) இறக்கி, ஆப்பு வைத்து, ரசமட்டம் பார்த்து, மீட்டருக்கு 0.02 மி.மீ. அளவுக்குச் சமன் கொண்டுவருகிறோம். போல்ட் இறங்கும் குழிகளிலும் எந்திரத்தின் அடியிலும் சுருங்காத சிமென்ட் கூழை ஊற்றுகிறோமே, அதற்கு ஒரு சொல் வேண்டும். மாணவர்கள் ‘கிரவுட்’ என்றே எழுதுகிறார்கள்.

தேவகோட்டை:
தம்பி, சொல் நம் கோயிலிலேயே இருக்கிறது. சிலைக்கும் பீடத்துக்கும் இடையே அஷ்டபந்தன மருந்து சாத்துகிறோம். இடைவெளியை அடைத்து அசையாமல் நிறுத்துகிற அதே வேலைதான். ‘பந்தனம்’ என்றால் செட்டிநாட்டில் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

கண்டனூர்:
அண்ணே, விளங்கும், ஆனால் வடசொல். ‘பிணிப்பு’ இருக்கும்போது அது எதற்கு? ‘கேட்டார்ப் பிணிக்கும்’ என்று குறளே வழி காட்டுகிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகையில், அதாவது ‘கேட்டாரை’ என்பதில் ‘ஐ’ மறைந்து வருவதுபோன்ற இடத்தில், ஒற்று மிகாது என்று படித்தோம், இங்கே மிகுந்திருப்பதைக் கவனியுங்கள். உயர்திணைப் பெயருக்கு நன்னூல் தனியாக இடம் தருகிறது. அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:
ஒற்று இருக்கட்டும். எந்திரத்தைப் பிணிப்பது போல்ட். கூழின் வேலை தாங்குவது. அது இல்லாவிட்டால் அத்தனை எடையும் நாலைந்து ஆப்பின் மேல் நிற்கும். அதிர்வில் ஆப்பு நகரும், லேத்தின் படுகை (அதன் நீண்ட அடிச்சட்டம்) முறுகும், கடைகிற தண்டு ஒரு முனை பருத்து ஒரு முனை சிறுத்து வரும். ஊற்றுவதும் ஒரே பக்கத்திலிருந்துதான். மறுபக்கம் கூழ் பொங்கி வரும்வரை விடாமல் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் நடுவில் காற்று தங்கிவிடும். தட்டிப் பார்த்தால் பொள்ளென்று சத்தம் கேட்கும். இவ்வளவையும் ‘பிணிப்பு’ சொல்லுமா? காரைவீட்டில் பிறந்தவர்கள் நாம். ‘அடிக்காரை’ என்று வையுங்கள்.

தேவகோட்டை:
காரை என்றால் சுண்ணாம்பு, ஆச்சி. சிமென்டுக்கு எப்படிப் பொருந்தும்? காரைக்குடிக்கே காரைச்செடியால்தான் பெயர் வந்தது என்பார்கள், சுண்ணாம்பால் அல்ல.

பள்ளத்தூர் ஆச்சி:
ஊர்ப்பெயரை யார் கேட்டார்கள்? சிமென்ட் பெயர்ந்தாலும் ‘காரை பெயர்ந்துவிட்டது’ என்றுதான் கொத்தனார் சொல்கிறார்.

காரைக்குடி ஆசிரியர்:
நன்றி. குழுவில் மற்றவர்களையும் சேர்த்து எண்ணினால் அடிக்காரைக்கு நான்கு பேர், பந்தனத்துக்கு இருவர், பிணிப்புக்கு ஒருவர். நேரம் இல்லை, ‘அடிக்காரை ஊற்றுதல்’ என்றே அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் ‘கிரவுட்’ என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கண்டனூர்:
அனுப்புங்கள், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. போல்ட் குழிக்குள் முதலில் ஊற்றி, இறுகியபின் மறுபடி ரசமட்டம் பார்த்து, அதற்கப்புறம்தானே அடியில் ஊற்றுகிறீர்கள்? குழிக்குள் போவதை ‘அடிக்காரை’ என்று எப்படிச் சொல்வது? அடுத்த பதிப்புக்கு முன் இதற்குப் பதில் வேண்டும்.